ஜன்னல் சீட் சண்டை

என் வீட்டுக்காரர் சாம்சனும் பார்த்திபனும் கும்மிடிப்பூண்டி கம்பெனி பஸ்ஸில் எப்போதும் ஒரே சீட்டில்தான் உட்காருவார்கள். ஜன்னலைத் திறக்க வேண்டும் என்பவர் இவர்; மூட வேண்டும் என்பவர் அவர். அதை வாயால் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தபடியே பஸ் வாட்ஸ்அப் குரூப்பில் அடித்துக்கொள்வார்கள்.

கம்பெனி ஆயுதபூஜைக்குக் குடும்பத்தோடு அதே பஸ்ஸில் போனபோது நானே பார்த்தேன். "காத்து வேணும்னா லாரி மேல ஏறிப் போடா" என்று ஒரு கையால் குரூப்பில் போட்ட பார்த்திபன், மறு கையால் இவர் மடியில் பூந்திப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துக்கண்ணே."

"நீ துன்னுப்பா மொதல்ல."

ஜன்னல் பாதி திறந்திருந்தது.

போன மழைக்காலத்தில் சண்டை முற்றி, "என் சாவுக்குக்கூட வராதடா" என்று இவர் போட்டுவிட்டார். "வந்தா என் பேரு பார்த்திபன் இல்ல" என்று பதில் வந்தது. மறுநாளும் அதே சீட்டு. அந்த மாதமே இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

பஸ்ஸில் கூடப் போகிறவர்கள் எல்லாரும் சாவுக்கு வந்தார்கள். பார்த்திபன் மட்டும் எதிர் டீக்கடையை விட்டு நகரவில்லை. அழுது முகம் வீங்கியிருந்தது. அவர் தோள் கொடுக்காமல் இவரை அனுப்ப எனக்கு மனசில்லை. பஸ் டிரைவர் முனுசாமியை அனுப்பிக் கூப்பிட்டேன்.

"வர மாட்டன்றான்க்கா. அத்தினி பேர் எதிர்ல குரூப்ல சொல்ட்டானாம். இன்னா சொன்னாலும் அங்கயே நின்னுகினு கீறான், பேஜார் புடிச்சவன்."

பாஸ்டர் ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். அது முடிந்ததும் பெட்டியை மூடிவிடுவார்கள். நான் இவருடைய போனை எடுத்து, குரூப்பைத் திறந்து, இவர் எழுதுகிற மாதிரியே எழுதினேன்.

"டேய் பார்த்தி, நா சொன்னா கேக்கற ஆளாடா நீ? வந்து தூக்குடா."

பந்தல் முழுக்கப் போன்கள் ஒன்றாகக் கத்தின. எடுத்துப் பார்த்த எல்லாரும் அடுத்து பெட்டியைத்தான் பார்த்தார்கள். முனுசாமி நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். "கர்த்தரே!" என்றார் பாஸ்டர். அவர் குரூப்பில்கூட இல்லை.

டீக்கடையில் பார்த்திபனின் கட்டைவிரல் ஓடியது. என் கையில் போன் அதிர்ந்தது.

"நீ சொல்லி ஒண்ணும் வரல. அண்ணிக்காக வரேன்."

வந்து என் எதிரே தலைகுனிந்து நின்றார்.

"சாப்ட்டீங்களாண்ணி?"

ஜெபம் முடிந்து பெட்டியைத் தூக்கும்போது நேராகப் போய், தலைப்பக்கம் நின்றவரை நகர்த்திவிட்டுத் தோள் கொடுத்தார்.