ஊற்றாத உறை

அன்று பாலில் நான் உறை ஊற்றவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஞாபகமில்லாமல் ஊற்றியிருப்பேன் என்றுதான் இவர் இன்றுவரை சாதிக்கிறார். ஊற்றுவதற்கு வீட்டில் சொட்டு மோர் கிடையாது. முந்தின வாரமே கடைசித் தயிரையும் சாதத்தில் பிசைந்து தின்றுவிட்டு, உறைக்கு எடுத்துவைக்க மறந்த மகராசி நான்.

1968 டிசம்பர். ஹாங்காங் ஜுரம் மான்ட்ரியலுக்கு வந்துவிட்டது. எங்கள் குடியிருப்பில் ஒவ்வொரு சுவருக்குப் பின்னாலும் யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள். ஒரு வாரம் போனதும் சில சுவர்களில் மட்டும் சத்தம் நின்றது. ஜன்னலுக்கு நேரே மலை. பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்காரி அதை எரிமலை என்பாள். பல்கலைக்கழகத்தில் பாறைகளை ஆராயும் என் கணவர், அந்த நெருப்பு வெளியே வரவேயில்லை, அடியிலேயே கிடந்து ஆறிப்போய்ப் பன்னிரண்டு கோடி வருஷமாகிறது என்பார். ஆறிவிட்டதென்று யார் தொட்டுப் பார்த்தார்கள் என்று ஒருநாள் கேட்டேன். சிரித்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினார்.

மான்ட்ரியல் ஒரு தீவு. அதன் இன்னொரு கோடியில், பியர்பொன்ட்ஸில், என் சிநேகிதி கிரிஜா இருந்தாள். கும்பகோணத்திலிருந்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் உறைமோரை மடியில் வைத்துக்கொண்டே விமானத்தில் வந்தவள். எங்களுக்குத் தெரிந்த நாலு தமிழ்க் குடும்பங்களிலும் தோய்ந்தது அவள் வீட்டுத் தயிர்தான். நல்ல கெட்டி, கடைசியில் லேசான ஒரு தித்திப்பு. நான் தீர்த்துவிட்டுப் போய் நிற்கும்போதெல்லாம் வாய் நிறையத் திட்டிவிட்டு ஒரு கிண்ணம் தருவாள்.

அந்தப் புதன்கிழமையும் உறை கேட்கத்தான் போன் செய்தேன். குரல் அவளுடையதாகவே இல்லை. மூன்று நாளாக ஜுரமாம். அவள் கணவர் பாலகிருஷ்ணன் வடக்கே அணைக்கட்டு வேலையில் இருந்தார், பனியில் பாதை அடைத்துக் கிடந்தது.

"ஒரு நடை வந்துட்டுப் போயேன், வசு. வெந்நீர் வெச்சுக் குடுக்கக்கூட ஆளில்லை."

எனக்கு எட்டு மாதக் கைக்குழந்தை. அதுதான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். நிஜத்தில் எனக்குப் பயம். ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பாக வருகிறேன் என்றேன். அதற்குள் அவளே எழுந்து நடமாடிவிடுவாள் என்று மனசுக்குள் ஒரு நப்பாசை.

சனிக்கிழமை சாயங்காலம் பாலைக் காய்ச்சி, ஆறவேண்டாமென்று அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் வைத்து மூடினேன். அப்போது போன் அடித்தது. மத்தியானம் ஆஸ்பத்திரியில் கிரிஜா போய்விட்டாளாம். அதன்பிறகு பாலை யார் நினைத்தார்கள்?

காலையில் தட்டைத் திறந்தேன். கெட்டுத் திரிந்திருக்கும் என்றுதான் பாத்திரத்தைச் சாய்த்தேன். அசையவில்லை. ஒரு கீறல் இல்லாமல் வெள்ளையாகத் தோய்ந்திருந்தது. விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தேன். அதே தித்திப்பு. குழந்தை தொட்டிலில் இருந்தபடி என்னைப் பார்க்காமல் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

பழைய மோர் பாத்திரத்தில் ஒட்டியிருந்திருக்கும் என்றார் இவர். அது அந்த வாரம்தான் குழந்தைக்கென்று வாங்கிய புதுப் பாத்திரம். அதைச் சொன்னதும் கொட்டிவிடச் சொன்னார். எனக்குக் கை வரவில்லை. தினமும் அதிலிருந்து எடுத்து அடுத்த நாள் பாலில் ஊற்றினேன். எங்கள் வீட்டில் யாரும் அதைச் சாப்பிடவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு பாலகிருஷ்ணன் போன் செய்தார். எதையோ சுற்றிச் சுற்றிப் பேசினார். கடைசியில் கேட்டார்: "ஒறைமோர் கொஞ்சம் இருக்குமா? ஆத்துல இருந்ததை வந்தவா கொட்டிட்டா."

குழந்தையை இவரிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். இரண்டு பஸ் மாறி ஒன்றரை மணி நேரம். அந்தப் புதன்கிழமையே நான் போயிருக்க வேண்டிய அதே வழி. கண்ணாடியின் உட்புறம்கூடப் பனி பிடித்திருந்தது. மடியில் உறைமோர் பாட்டில் இதமாக இருந்தது. என் உடம்புச் சூடுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

வாசல் படியில் பாட்டிலை வைத்துவிட்டு மணி அடித்தேன். பாலகிருஷ்ணன் கதவைத் திறந்தார். பாதியாக இளைத்திருந்தார். உள்ளே போவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"கிரிஜா என்னைக் கூப்பிட்டா. நான் வரலை."

"தெரியும்," என்றார். "வெள்ளிக்கிழமை போன்ல சொன்னா. 'வசு ஞாயித்துக்கிழமை வரா, வெறுங்கையோட அனுப்பப்படாது, அவளுக்கு ஒறை ஊத்தணும்'னா. அதுதான் என்கிட்ட கடைசியாப் பேசினது."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாட்டிலை எடுக்கக் குனிந்தேன். படியில் அரை முழத்துக்கு இறுகிக் கிடந்த பனியை உருக்கிக்கொண்டு பாட்டில் கல்வரை இறங்கியிருந்தது. சுற்றிலும் வட்டமாகக் கருங்கல் ஈரத்துடன் தெரிந்தது. நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வட்டம் என் காலை நோக்கி மெல்ல விரிந்தது.