பொட்டோசியின் உயரம்

அகதி விசாரணை அறையில் தம்பி ரதீசன் வாயைத் திறந்ததும் பிரஷாந்தினி கதிரையின் நுனிக்கு வந்தாள்.

2002இல் இலங்கையிலிருந்து மொன்றியலுக்கு வரும் வழியில் ரதீசனை, காசு வாங்கி ஆள் கடத்தும் ஏஜென்சிக்காரன் எட்டு மாதம் பொலிவியாவில், பொட்டோசி என்ற ஊரில், ஓர் அறைக்குள் பூட்டி வைத்திருந்தான். "சொன்னா நம்புவினமோ?" என்று பயந்தவனிடம் அந்த ஊரைப் பற்றிய நூலகத்துப் புத்தகமொன்றைக் கொடுத்துப் பாடமாக்க வைத்தவள் அவள்தான். சோதனைக்குப் படிப்பிப்பதில் அவளை வெல்ல ஆளில்லை.

"அந்த ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார் அதிகாரி. மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்லி முடிக்குமுன் ரதீசன் ஒப்புவிக்கத் தொடங்கினான். நாலாயிரம் மீற்றர் உயரம். 1545இல் வெள்ளி அகப்பட்டு உண்டான ஊர். யூனில் கடுங்குளிர், சனவரியில் மழை.

அதிகாரியின் புருவம் ஏறியது. "பூட்டிய அறைக்குள் இருந்தவருக்கு இவ்வளவும் யார் சொன்னது?"

ரதீசனின் வழக்கறிஞர் தலையைக் குனிந்துகொண்டார். பாவி, நானே அவனுக்குக் குழி வெட்டிவிட்டேனே என்று பிரஷாந்தினி நகத்தைக் கடித்தாள்.

"அக்கா படிப்பிச்சவா" என்றான் ரதீசன்.

"புத்தகத்தை விடுங்கள். வெள்ளி எடுத்த மலை எப்படி இருக்கும்?"

"மலையைக் காணேல்லை ஐயா. யன்னலுக்குப் பலகை அடிச்சிருந்தவங்கள். எழும்பி நிண்டா மூச்சு முட்டும். நெஞ்சில ஏதோ வருத்தம் பிடிச்சிட்டுது, இங்கயே சாகப்போறன் எண்டு நினைச்சனான். அது ஊரின்ர உயரத்தால எண்டு அக்காவின்ர புத்தகத்திலதான் பாத்தனான்."

அதுவரை சும்மா கிடந்த பேனையை அதிகாரி அப்போதுதான் கையில் எடுத்தார்.