உள்தகட்டில் ஓர் எழுத்து

வெளியே வெட்டியிருக்கும் பெயரை அப்படியே நம்புகிறவன் ஏமாறப் பிறந்தவன். ஸ்காட்லாந்தின் பெர்த் நகர மண்டபத்தில் நடக்கும் பழைய தூண்டில் சந்தையில் இதைத்தான் வருஷா வருஷம் தொண்டைத்தண்ணி வற்றச் சொல்லிக்கொண்டிருந்தேன். தூண்டில் நூலைச் சுற்றிவைக்கும் ரீலின் முகத்தில் கடைக்காரன் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். அவன் அதை வாங்கி விற்றவன், அவ்வளவுதான். உண்மையில் செய்தது யார் என்று கேட்கத்தான் சேகரிப்பாளர்கள் என் மேசைக்கு வருவார்கள். யூனா பெட்ரி சொன்னால் சொன்னதுதான் என்று ஸ்காட்லாந்து முழுக்கப் பெயர் எடுத்திருந்தேன். என்னிடம் இருந்த ஒரே சொத்து அந்தப் பெயர்தான்.

அதிலும் டன்வீ பட்டறை ரீல் என்றால் என்னிடம் யாரும் வாலாட்ட முடியாது. என் அப்பா ஹெக்டர் அங்கே அரம் பிடித்தவர். டன்வீ ரீலின் முகத்தில் நீள்வட்டத்துக்குள் ஒரு நாரை நிற்கும். அது எல்லோருக்கும் தெரிந்த முத்திரை. கை பழகிய எவனும் வெட்டிவிடுவான். ஆனால் நூல் சுற்றும் சக்கரத்தைக் கழற்றினால், உள்தகட்டின் ஓரத்தில், அந்த ரீலைப் பொருத்தி முடித்த தொழிலாளியின் பெயரில் முதல் எழுத்து குத்தியிருக்கும். அந்த வேலைக்கு இருந்தது நாலே பேர். எழுத்தும் நாலுதான்: ஹெச், பி, டி, எம். அவர்கள் பெயரெல்லாம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தினமும் அடிபட்டவை. இதை நான் வெளியே மூச்சு விட்டதில்லை. கட்டிக்கொண்ட லூயிஸிடம் மட்டும் சொன்னேன்.

லூயிஸ் உலோகத்தில் பெயர் வெட்டுகிறவன். பரிசுக் கோப்பை, நாயின் கழுத்துப்பட்டை, எல்லாவற்றையும்விட அதிகமாகச் சவப்பெட்டித் தகடு. இடது காது மந்தம், ஆனால் செத்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டான். ஒருமுறை போனில் வந்த வேலையை அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு, மொராக் என்ற கிழவிக்கு நொராக் என்று தகடு வெட்டி அனுப்பிவிட்டான். தேவாலயத்தில், பாதிரியார் முன்னாலேயே, கிழவியின் மகள் கத்தினாள்: "நாங்க எங்கம்மாவைப் புதைக்க வந்தோமா, இல்ல ஊர்ல எவளையோ புதைக்க வந்தோமா?" ஊர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

இந்த வருஷச் சந்தையில் என் மேசைக்கு முதலில் வந்தவர் ஃபார்க்குவர். ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர், மனைவியை இழந்தவர், பொல்லாத சேகரிப்பாளர். துணியைப் பிரித்து ஒரு டன்வீ ரீலை என் முன்னால் வைத்தார்.

"டாக்டர், கொஞ்சம் தள்ளி உக்காருங்க. வெளிச்சத்தை மறைக்கறீங்க."

"மாட்டேன். உங்க முகத்தைத்தான் பாக்கப் போறேன். முன்னாடி ஒரு தடவை நீங்க அழுதீங்கல்ல? அந்த அழுகையைப் பாத்துத்தானே அந்த ரீலை வாங்கினேன். இப்பவும் கண்ணாடிப் பெட்டில, என் பொண்டாட்டி போட்டோ பக்கத்துலதான் இருக்கு."

அவர் சொன்னது உண்மை. போன சந்தைக்கு முந்தைய சந்தையில் ஒரு ரீல் விலைக்கு வந்தது. வாங்குமுன் என்னிடம் கொண்டுவந்தார். திறந்தேன், உள்ளே 'ஹெச்'. அப்பாவின் எழுத்து. வெட்கமில்லாமல் அத்தனை பேர் நடுவில் அழுதேன். பின்னால் நின்றிருந்த லூயிஸ் தோளைத் தட்டிக்கொடுத்துத் தன் கைக்குட்டையை நீட்டினான்.

இன்றைய ரீலின் நாரையில் ஒரு குறையும் இல்லை. சக்கரத்தைக் கழற்றினேன். உள்ளே, இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய ஆழத்தில், ஓர் எழுத்து.

'என்'.

டன்வீயில் அப்படி ஓர் ஆளே கிடையாது. கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. பிறகு அந்த மகள் தேவாலயத்தில் கத்தியது காதில் கேட்டது. மொராக், நொராக். எம், என்.

"எங்க வாங்கினீங்க?"

"டண்டீ ஊர்ல ஒரு கடையில. பெர்த் ஆள் ஒருத்தர்கிட்டேயிருந்து வந்ததாம். பேரைச் சொல்ல மாட்டேன்னுட்டான்."

"போலி டாக்டர்."

"என்ன யூனா, நாரை இவ்வளவு அழகா இருக்கு!"

"நாரை அழகாத்தான் இருக்கு. செஞ்சதா சொல்ற ஆள்தான் பொறக்கவே இல்ல."

"அப்ப எவன் வேலை இது?"

"விசாரிச்சுச் சொல்றேன்," என்றேன். நாக்கு கசந்தது.

அவர் துணியை மெல்லச் சுற்றினார். "போகட்டும் விடுங்க. உங்க அப்பா செஞ்சது ஒண்ணாவது என்கிட்ட இருக்கே."

மேசையைக் காலி செய்துவிட்டு வீட்டுக்குப் போனேன். லூயிஸ் பின்னறையில் யாருடைய சவப்பெட்டித் தகட்டுக்கோ மெருகு போட்டுக்கொண்டிருந்தான். கோட்டைக்கூடக் கழற்றாமல் அவனுடைய வலது பக்கம் போய் நின்றேன்.

"எம். 'என்' இல்ல. எம்."

"எதுக்குக் கத்தற?"

"போன குளிர்ல நான் தங்கச்சி வீட்ல இருந்தப்ப போன்ல பேச்சோட பேச்சாக் கேட்டியே, அந்த நாலு எழுத்து என்னென்னன்னு. கடைசி எழுத்து எம்-னு சொன்னேன்டா, செவிட்டுப் பயலே."

மழுப்புவான் என்று நினைத்தேன். அவன் துணியைக் கீழே வைத்தான். முகத்தில் உண்மையான வருத்தம்.

"எம்-மா? அடச்சே. நொராக் கதையா ஆயிடுச்சே."

அவனுக்கு வருத்தமெல்லாம் எழுத்து தப்பியதில்தான். ஒரு பேர் தெரியாத பழைய ரீலை வாங்கி, நாரையை வெட்டி, என் அப்பாவோடு வேலை செய்தவர் பெயரில் பொய்யாக ஒரு ரீல் செய்து விற்றதில் இல்லை.

"ஏன் லூயிஸ்?"

"ஆயுசு பூரா வெட்டறேன் யூனா. எல்லாம் மண்ணுக்குள்ள போகுது. என் வேலையைப் பூதக்கண்ணாடி வெச்சு எவன் பாத்தான்? நீ பாத்த."

"பாத்துட்டுப் போலின்னு சொல்லிட்டேன்."

"இதைச் சொன்ன." கொஞ்சம் தயங்கினான். பெருமையை அடக்க முடியவில்லை அவனால். "அதைச் சொல்லலையே."

"எதை?"

"ஹெச்சுக்கு எனக்குக் காதே தேவைப்படல. உங்கப்பா பேராச்சே."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்தக் கைக்குட்டையை அன்று துவைத்து, இஸ்திரி போட்டு, நன்றி என்று சொல்லித் திருப்பிக் கொடுத்திருந்தேன். நாலு பேர் முன்னால் என் அப்பாவுக்காக நான் அழுததை, பின்னால் நின்று தன் வேலைக்குக் கிடைத்த பாராட்டாக ரசித்திருக்கிறான் இந்த மனுஷன். அவனை நான் வெறுத்தேன். இவ்வளவு வெறுப்பு எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

"அன்னைக்கு நீ சந்தோஷமாத்தானே இருந்த? அப்பாவே திரும்பி வந்த மாதிரி இருக்குன்னு சொன்ன. அந்தக் கிழவரும் சந்தோஷமா இருக்கார். யாருக்கு என்ன நஷ்டம்? பேசாம விடு."

சொன்னேன்தான். பேசாமல் விட்டால் அடுத்த வருஷமும் அந்த மேசை என்னுடையது. வாயைத் திறந்தால் நான் இதுவரை சரி என்று சொன்ன ஒவ்வொரு ரீலும் சந்தேகம். எழுந்து போய்ப் போனை எடுத்தேன்.

"டாக்டர், யூனா பேசறேன். கண்ணாடிப் பெட்டில இருக்கறதும் போலிதான்."

"நீங்க அழுதீங்களே."

"ஆமா. அழுதேன்."

"அப்ப அதைச் செஞ்சது யாரு?"

வாழ்நாள் முழுக்க என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி அது ஒன்றுதான். லூயிஸ் வாசலில் வந்து நின்று, கேட்கிற காதை என் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான்.

"லூயிஸ் பெட்ரி," என்றேன். தவறாக எழுதிக்கொள்ளப் போகிறாரே என்று, எழுத்து எழுத்தாகவும் சொன்னேன்.