கூப்பிடாத ஆள்

சிவஞானத்தின் உயிருக்கு விலை ஐந்து ரூபாய். அதுவும் பேரம் பேசிப் பேசிக் கடைசியில் நின்ற விலை.

பேசியவர் பரமசிவம். டெல்லி கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் இருந்த சென்ட்ரல் கவர்ன்மெண்ட் குமாஸ்தா. பிறந்து வளர்ந்தது திருநெல்வேலி ஜவுளிக்கடையில். கரோல் பாக்கில் யாருக்குப் புடவை, பிரஷர் குக்கர் வாங்குவதென்றாலும் அவரைத்தான் அழைத்துப் போவார்கள். பாதி விலைக்குக் கேட்பார். கடைக்காரன் முறைப்பான். இவர் திரும்பிப் பார்க்காமல் பத்தடி நடப்பார். "பாபுஜி, ஆயியே!" என்று பின்னால் கூப்பிடும் குரல் வரும். வராமல் இருந்ததே இல்லை.

எழுபத்தெட்டு தசரா லீவில் மூன்று சிநேகிதர்களாக மணாலிக்கு மேலே பனி பார்க்கப் போனார்கள். பரமசிவம், கிட்வாய் நகர் சிவஞானம், தஞ்சாவூர்க்கார ராமசுப்ரமணியன். பஸ் நின்ற ஊரில் வழிகாட்டி ஒருவன் முப்பது கேட்டு இருபதுக்கு இறங்கினான். பரமசிவம் பதினைந்தில் நின்றார்.

"பீஸ் ருபய்யா, பாபுஜி. இருபதுக்குக் கீழே இல்லே."

"நடங்கவே," என்றார் பரமசிவம். "பத்தடி போகட்டும். கூப்பிடுவான்."

பத்தடி போயிற்று. நூறடியும் போயிற்று. சிவஞானம் மட்டும் திரும்பிப் பார்த்தார். அவன் கல்லில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, அவன் நம்மள பாக்கக்கூட இல்ல. குடுத்துருவமா?"

"திரும்பிப் போனா முப்பதும்பான். மானம் போயிரும்வே."

"மானத்தைக் கம்பளியாப் போத்திக்க முடியுமாங்காணும்?" என்றார் ராமசுப்ரமணியன். சிரித்துக்கொண்டே நடந்தார்கள்.

மத்தியானம் பாதை இரண்டாகப் பிரிந்தது. அகலமானதைப் பிடித்தார்கள், அது ஓடையில் கொண்டுபோய் விட்டது. தாண்டும்போது சிவஞானம் வழுக்கி, இடுப்பு வரை நனைந்தார். கேன்வாஸ் ஷூ, பருத்திக் கால்சட்டை, மாற்றுத்துணி ஒன்றுதான். அதுவும் மூட்டையோடு நனைந்திருந்தது. வானம் கறுத்துப் பனி கொட்டத் தொடங்கியது. வந்த தடம் கண்ணெதிரே மூடிப்போயிற்று. வாடகைக்கு எடுத்து வந்திருந்த கூடாரத்தை அங்கேயே அடித்தார்கள். அடுப்பில் ஒரு தடவை டீ வைப்பதற்குள் காற்று மூன்று முறை அணைத்தது.

சிவஞானத்துக்குப் பல் கிட்டிக்கொண்டது. இருந்த கம்பளியையெல்லாம் அவர் மேல் போட்டு இருவரும் உள்ளங்காலைத் தேய்த்தார்கள். இருட்டும் நேரத்தில் நடுக்கம் நின்றது. அவர் கண்ணைத் திறந்து, "அண்ணாச்சி, புழுங்குது. டெல்லி மே மாசம்லா இது," என்று ஸ்வெட்டர் பொத்தானைக் கழற்றினார்.

பரமசிவத்துக்கு உயிர் வந்தது. காய்ச்சல்காரனுக்கு உடம்பு புழுங்கினால் காய்ச்சல் விட்டதென்றுதானே நம்மூர்க் கணக்கு! "பொழச்சுட்டான்வே! காத்து வேணும்னா குடுப்போம்," என்று போர்வையை விலக்கினார். ராமசுப்ரமணியன் தயங்கி, பிறகு அவரும் ஒரு கம்பளியை எடுத்துத் தன் மேல் போட்டுக்கொண்டார்.

குளிர் கடைசியில் அப்படித்தான் ஏமாற்றும் என்று இருவருக்கும் தெரியாது. காலையில் பனி நின்று வெயில் பளீரென்று அடித்தது. மலை அத்தனை அழகாக இருந்தது. சிவஞானம் சட்டை திறந்தபடி விறைத்துக் கிடந்தார். உடம்பை இறக்க நாலு பேர் வந்தார்கள். அவர்கள் கேட்ட கூலியைப் பரமசிவம் தன் பையிலிருந்து அப்படியே கொடுத்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிட்வாய் நகருக்குப் போனார். சிவஞானத்தின் மனைவி ஜெயலட்சுமி வாசலிலேயே நின்றாள்.

"தங்கச்சி, அந்த வழிகாட்டிய நான்தான்..."

"தஞ்சாவூர்க்காரரு எல்லாம் சொல்லிட்டாரு." அவள் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "டூர் செலவுல இவுக பங்கு எவ்வளவு?"

"ஐயையோ, அதெல்லாம் எதுக்கு தாயி?"

"கடன் வச்சிட்டுப் போனாருன்னு இருக்கக்கூடாது. சொல்லுங்க."

"பஸ்ஸுக்குக் கொஞ்சம்... ஒரு ஐம்பது போதும்."

"எங்கிட்ட பேரம் பேசாதீங்க, அண்ணாச்சி."

பரமசிவம் தலையைக் குனிந்துகொண்டு உள்ளதைச் சொன்னார். அவள் உள்ளே போய் ஒரு நூறு ரூபாய் நோட்டும் ஒரு பத்து ரூபாய் நோட்டும் கொண்டுவந்து அவர் கையில் படாமல் வாசல் திண்டின் மேல் வைத்தாள். அவர் சில்லறைக்குப் பையைத் துழாவுவதற்குள் கதவு சாத்தியாயிற்று. தட்ட அவருக்குக் கை எழவில்லை.

மொத்தச் செலவு முந்நூற்று ஒன்பது. ஆள் மூன்று. தலைக்கு நூற்று மூன்று. சிவஞானம் பேரில் வரவு நூற்றுப் பத்து. பரமசிவம் தரவேண்டிய பாக்கி, ரூபாய் ஏழு.