எதிர்வீட்டு ஓட்டுப்பூனை

ஹெச்சிங் ஊரில் வாசல் கூரையின் உச்சியில் ஓட்டுப்பூனை இல்லாத வீட்டை யாரும் வீடென்றே மதிப்பதில்லை. சுட்ட மண்ணில் செய்த பூனை. முட்டைக்கண், அகலத் திறந்த வாய். வருகிற கெட்டதையெல்லாம் விழுங்கும். வில்லங்கம் என்னவென்றால், நேர் எதிரே ஒரு வாசல் இருந்தால் அந்த வீட்டு நல்லதையும் சேர்த்து விழுங்கிவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் கோணலாகத்தான் உட்கார வைப்பார்கள்.

கணவரை இழந்த துவான் யுன்ஷியானின் வீட்டுப் பூனை மட்டும் எதிர்வீட்டுப் பெரியவர் யின் பாவ்ஷெங்கின் வாசலை நேருக்கு நேர் முறைத்துக்கொண்டிருந்தது. பூனை என்ன செய்யும், பாவம்! அது ஏறி உட்கார்ந்த காலத்தில் எதிரே வெறும் நெல்வயல். யின் குடும்பத்தார் பிறகு வந்து வீடு கட்டினார்கள். சேவல் ரத்தம் தொட்டு வைத்து உட்கார்த்திய பூனையை அதன்பின் இறக்கவும் கூடாது, திருப்பவும் கூடாது.

இத்தனை காலம் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. பாவ்ஷெங்கின் மருமகள் சுயிஃபனுக்கு முதல் கரு கலைந்தது. இரண்டாவதும் கலைந்தது. அன்றிலிருந்து பாவ்ஷெங் பூனையைப் பிடித்துக்கொண்டார்.

"யுன்ஷியான், இறக்க வேண்டாம். வாயில கொஞ்சம் சுண்ணாம்பை வச்சு அடைச்சிடு, போதும்."

"வாயை அடைச்சா அது பூனையாண்ணே? வெறும் மண்ணு. என் புள்ளை லாரி ஓட்டுறான், அந்த மலை வளைவுல. அவனை யாரு பாக்குறது?"

"என் வீட்டுப் புள்ளைங்களை உன் பூனை தின்னுச்சே, அதுக்கு என்ன சொல்ற?"

"தாத்தா காலத்துச் செதுக்குக் கதவை பட்டணத்து வியாபாரிக்கு வித்துட்டு தகரத்தை மாட்டி வச்சீங்களே, கெட்டது அது வழியா வந்துச்சோ என்னமோ! என் பூனை மேல ஏன் பழி போடுறீங்க?"

அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை. சுயிஃபன் மூன்றாவதாக உண்டானதும் பாவ்ஷெங் அவளை வாசல் பக்கமே விடவில்லை. யுன்ஷியானுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தெருவே தன் வீட்டைக் கொலைகாரர் வீடு மாதிரி பார்க்கிறதே என்று பொருமினாள். ஆனாலும் மகன் மின்லியாங் லாரியைக் கிளப்பும்போதெல்லாம் அண்ணாந்து பூனையைப் பார்த்து ஒரு கும்பிடு போட அவள் தவறியதில்லை.

அந்த வருஷ மழையில் வாசல் கூரை ஒழுகியது. கொத்தனாரிடம் ஆள் அனுப்பி அனுப்பி அலுத்துப்போனாள். இனி இவனை நம்பிப் பயனில்லை என்று துணிப் பெட்டியைக்கூட நகர்த்தத் தயங்குகிற வயதில் தானே ஏணியைச் சாய்த்து ஏறிவிட்டாள். கணவர் இருந்தவரை கூரை வேலை அவருடையது. பூனையை இவ்வளவு பக்கத்தில் அவள் பார்த்ததே இல்லை. காதோரம் பாசி, மூக்கு நுனி உடைசல். கீழிருந்து பார்த்தால் பயமுறுத்துகிற அந்த முகம் கிட்டத்தில் பார்க்கச் சிரிக்கிற மாதிரிகூட இருந்தது.

வாய்க்குள் குப்பை சேர்ந்திருக்குமே என்று விரலை விட்டாள். விரல் இரண்டு கணு தாண்டவில்லை.

உள்ளே சுண்ணாம்பு. கல்லாக இறுகிய பழஞ்சுண்ணாம்பு. மேலே சிவப்புச் சாயம் பூசியிருந்ததால் கீழிருந்து பார்ப்பவர்களுக்கு அது திறந்த தொண்டையாகத் தெரிந்திருக்கிறது.

யுன்ஷியான் ஓட்டின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மாமனாரின் வேலை, சந்தேகமே இல்லை. எதிரே வீடு எழும்பியபோது யாருக்கும் சொல்லாமல் ஏறி அடைத்திருக்கிறார். எதிர்வீட்டானும் நன்றாக இருக்க வேண்டும், தன் வீட்டுப் பூனைக்கு வாயில்லை என்று ஊரும் பேசக் கூடாது. நல்ல மனுஷன்தான். ஆனால் இத்தனை வருஷம் மலை வளைவில் தன் பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார்கள்? யாருமில்லை.

அடுத்த நொடியே வேறொரு நினைப்பு வந்து முகம் மலர்ந்தது. ஆகா, ஜெயித்தாயிற்று! பூனை தின்னவில்லை. திங்க முடியாது. அந்தக் கிழவரைக் கூப்பிட்டு ஏணியில் ஏற்றி, இதோ நீங்களே விரலை விட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிட வேண்டும். கூப்பிட வாயைத் திறந்தாள்.

எதிர்வீட்டு முற்றம் அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. சுயிஃபன் வயிற்றைத் தாங்கிக்கொண்டு முள்ளங்கி அரிந்துகொண்டிருந்தாள். பாவ்ஷெங்கின் அக்கா விருந்துக்கு வந்தவள் தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தக்கூட இல்லை.

"ரெண்டைத் தங்க விடாதவ மூணாவதை மட்டும் பெத்துக் குடுத்துடுவாளா? ராசி இல்லாத உடம்புடா. பேசாம அவ அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டு வேற வழியைப் பாரு."

சுயிஃபனின் கத்தி நின்றது. தலை நிமிரவில்லை.

"வாயை மூடுக்கா!" என்று பாவ்ஷெங் சீறினார். "அவ உடம்புல ஒரு குறையும் இல்ல. எதிர்வீட்டுப் பூனை தின்னுச்சு. அதுக்கு இந்தப் பொண்ணு என்ன பண்ணுவா?"

யுன்ஷியான் திறந்த வாயை மூடிக்கொண்டாள். பூனையைக் காப்பாற்றினால் அந்தப் பழி எங்கே போய் விழும்? முள்ளங்கி அரிகிறவள் தலையில்தானே! இந்த மனுஷன் இத்தனை நாள் தன்னோடு மல்லுக்கு நின்றது இதற்குத்தானா? அட, முன்பே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? எப்படிச் சொல்வார், சொன்ன நொடியே பூனைமேல் போட்ட பழி பொய்யாகிவிடாதா?

கீழே இறங்கினாள். சுண்ணாம்பைக் குழைத்தாள். தெரு நடுவே நின்று, நூடுல்ஸ் கடைக்காரன் வரை கேட்கும்படி கூப்பிட்டாள்.

"பாவ்ஷெங் அண்ணே! வந்து ஏணியைப் பிடிங்க. உங்க அக்காவையும் கூட்டிட்டு வாங்க."

அவர் சண்டைக்குத் தயாராகத்தான் வந்தார். அவள் கையிலிருந்த சுண்ணாம்புச் சட்டியைப் பார்த்துவிட்டு ஒன்றும் புரியாமல் நின்றார். அக்காக்காரி பின்னால் வந்து கைகட்டி நின்றாள்.

"நீங்க சொன்னதுதான் சரி," என்றாள் யுன்ஷியான். சத்தமாகத்தான் சொன்னாள். "என் பூனைதான் தின்னுச்சு. ரெண்டையும் அதுதான் தின்னுச்சு. நான்தான் வீம்புக்கு ஒத்துக்கல. இப்ப எல்லாரும் பாக்கவே அடைக்கிறேன்."

ஏறினாள். சிவப்புத் தொண்டையை மறைத்து வெள்ளையாக, யார் கண்ணுக்கும் தப்பாதபடி, உதடுவரை அப்பினாள். கீழே கூட்டம் கூடிவிட்டது. "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்," என்று யாரோ சொன்னார்கள். இனி இந்தத் தெருவில் சாகும்வரை இது கொலைகாரப் பூனை வீடுதான். மின்லியாங் வந்து என்னம்மா காரியம் செய்தாய் என்று குதிப்பான். குதிக்கட்டும்.

அவள் இறங்கிய பிறகும் பாவ்ஷெங் ஏணியை விடவே இல்லை. கண் கலங்கியிருந்தது. அக்காக்காரி யாரையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

எதிர்வீட்டுத் தகரக் கதவு மறுபடி திறந்தது. மாதக்கணக்கில் வாசலுக்கு வராத சுயிஃபன் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். பிறகு யுன்ஷியானின் சுண்ணாம்புக் கையைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"அத்தை, நிஜமாவே அதுதானா? என் உடம்பு இல்லையே?"

"உன் உடம்புக்கு என்னடி கண்ணு குறை?" என்றாள் யுன்ஷியான். "அதுதான் தின்னுச்சு. என் கண்ணால பார்த்தேன்."