கடைக்குட்டி, உள்ளேன் ஐயா

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகும் வாத்தியார்தான், அது என் தலையெழுத்து. சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் உட்கார்ந்ததும் வருகைப் பதிவு எடுப்பார். "அம்மா," என்றதும் கையில் கரண்டியோடு, "உள்ளேன் ஐயா," என்பேன். "பெரியவள்," என்றால் மகள் சொல்வாள். "கடைக்குட்டி," என்றதும் மேஜைக்கு அடியிலிருந்து ஒரே ஒரு குரைப்பு வரும். எங்களுக்கு ஒரே மகள்தான். நாய் வந்த பிறகு அவளுக்குப் பெரியவள் என்று பதவி உயர்வு.

வகுப்பில் ஒருவனுக்காக இன்னொருவன் உள்ளேன் சொல்லிவிட்டால் இவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "நான் இருக்கேன்னு சொல்றதுக்கு இன்னொருத்தன் வாய் எதுக்கு? பொய்யிலேயே கேவலமான பொய் இதுதான்," என்பார்.

இந்த அரிச்சந்திரன்தான், விடுமுறைக்குக் கடற்கரை ஊருக்குப் போனபோது கடைக்குட்டியைத் துணிப்பைக்குள் ஒளித்து விடுதி மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். வழக்கமாக நாயைப் பார்த்துக்கொள்ளும் எதிர்வீட்டுக்காரர்கள் அந்த வாரம் ஊரில் இல்லை. விடுதி வாசலிலோ செல்லப்பிராணிகளுக்கு அனுமதி இல்லை என்று கொட்டை எழுத்தில் பலகை. அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. கழுத்துப்பட்டையில் இருக்கும் மணி சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்குமே என்று பட்டையையே கழற்றிக் கைப்பைக்குள் போட்டவள் நான்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இருவருமாகச் சேர்ந்தே கிளம்பினோம்.

"யாராவது கேட்டா என்னப்பா சொல்வீங்க?" என்றாள் மகள்.

"கேட்டா பாத்துக்கலாம்," என்றார்.

மறுநாள் காலை கீழே சாப்பிட்டுவிட்டு வரவேற்பறைக்கு வந்தால், நடு சோபாவில் மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி கடைக்குட்டி கால் நீட்டிப் படுத்திருக்கிறான். அறையைப் பெருக்க வந்த பெண் கதவைத் திறந்தபோது நழுவி வந்திருக்க வேண்டும். மேனேஜர் காவல்காரரைப் பிடித்து வறுத்துக்கொண்டிருந்தார்.

"வாசல்ல உக்காந்து என்னய்யா பண்றே? தெருநாய் உள்ள வந்து சோபாவுல ஏறிப் படுக்கற வரைக்கும் தூங்கிட்டு இருந்தியா? இதுக்கா சம்பளம் வாங்கறே?"

"வாசலை விட்டு நகரவே இல்ல சார். எப்படி வந்துச்சுன்னே தெரியல."

"அப்ப வானத்துலேர்ந்து குதிச்சுதா? கயித்தைப் போட்டு வெளிய இழு. நாய் வண்டிக்குச் சொல்லிட்டேன், வந்ததும் பிடிச்சுக் குடுத்துடு."

அதற்குள் கடைக்குட்டி எங்களைப் பார்த்துவிட்டான். துள்ளி ஓடிவந்து என் வீட்டுக்காரரின் முழங்காலில் முன்னங்கால்களை வைத்து நின்றான். வால் ஆடிய ஆட்டத்தில் உடம்பே ஆடியது.

மேனேஜர் திரும்பினார். "சார், உங்க நாயா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் கைப்பையைப் பார்த்தேன். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து நாலைந்து குடும்பங்கள் எங்களையே பார்த்தன.

"எங்களுதா? சேச்சே," என்றார். "நான் இதைப் பார்த்ததே இல்லயே." அதோடு விட்டிருக்கலாம். நம்பவைக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, முழங்காலால் அவனைத் தள்ளி, "ச்சீ, போ!" என்றார்.

அந்தக் குரலைக் கடைக்குட்டி எங்கள் வீட்டில் கேட்டதே இல்லை. விளையாட்டு என்று நினைத்து மறுபடியும் வந்தான். இவர் மறுபடியும் தள்ளினார். எனக்குப் பூமி பிளந்து அப்படியே விழுங்கிவிடாதா என்றிருந்தது. எங்கள் நாய்தான் என்று சொல்ல எனக்கும்தான் வாய் இருந்தது. அத்தனை பேர் முன்னால் புருஷனைப் பொய்யன் ஆக்குவதா என்று ஒரு சாக்கு. சாக்குக்கு அடியில், எனக்கும் தலைகுனிவு வந்துவிடுமே என்ற பயம். காவல்காரர் கயிற்றை மாட்டி இழுத்தார். கடைக்குட்டி நாலு காலையும் ஊன்றிக்கொண்டு, எங்களையே பார்த்தபடி, வழவழப்பான தரையில் சறுக்கிக்கொண்டு போனான்.

மகள் நடுக்கூடத்தில் போய் நின்றாள். அழவில்லை, கத்தவில்லை. அவள் அப்பாவின் குரலிலேயே, "கடைக்குட்டி," என்றாள்.

வாசற்படியிலிருந்து ஒரே ஒரு குரைப்பு வந்தது.

காவல்காரரின் பிடி தளர்ந்தது. அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. வேலை தப்பித்தது என்ற நிம்மதிதான் இருந்தது. அதைப் பார்க்க எனக்குக் கண் இல்லை. மேனேஜர் எங்களைத் திட்டியிருந்தால் தேவலை. அவர் மெதுவாக, "நேத்து ரூம் போடறப்போ வாத்தியார்னு சொன்னீங்களே சார்," என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கைப்பையைத் திறந்து பட்டையை எடுத்தேன். ஊர் கேட்க மணி அடித்தது.

அறையைக் காலி செய்துவிட்டுக் கிளம்பும்போது என் வீட்டுக்காரர் காவல்காரரிடம் மன்னிப்புக் கேட்டார். "பரவால்ல சார். உங்க நாய் ரொம்ப நல்ல நாய்," என்றார் அந்த மனிதர்.

பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். எதிரே கடல், யாரும் அதைப் பார்க்கவில்லை. கடைக்குட்டி அவருடைய செருப்பின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டான். தள்ளிய காலே தலையணை. அவர் காலை நகர்த்தவும் இல்லை, அவனைத் தொடவும் இல்லை.

"இன்னிக்கு நான் எடுக்கறேன்," என்றாள் மகள். "அம்மா."

"உள்ளேன் ஐயா." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"பெரியவள். உள்ளேன்." தானே சொல்லிக்கொண்டாள். "கடைக்குட்டி."

குரைத்தான். வழக்கமாக அதோடு முடிந்துவிடும். பெயர் கூப்பிடுகிறவரின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் கூப்பிட்டதில்லை.

"அப்பா," என்றாள்.

அவர் வாயைத் திறந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார்.

"அப்பா," என்றாள் மறுபடியும். வகுப்பில் இரண்டாம் தடவைக்கு மேல் அவர் கூப்பிட மாட்டார், வரவில்லை என்று போட்டுவிடுவார். அது அவளுக்கும் தெரியும்.

கடைக்குட்டி தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தான். கொஞ்சம் காத்திருந்தான். பிறகு அவருக்காக ஒரே ஒரு முறை குரைத்தான்.