மில்லுக்குத் தீட்டு இல்லை

"அங்கிட்டே நில்லுடி! பச்சை ஒடம்போட வாசப்படி ஏறுறியே, இது என்ன வீடுன்னு நெனச்சே?"

மில் முதலாளியின் மனைவி சொர்ணவல்லி போட்ட சத்தத்தில் ராக்காயியின் கைக்குழந்தை விழித்து அழுதது. பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத குழந்தை. ராக்காயி அந்த வீட்டாரின் அரிசி மில்லில் புடைக்கிறவள். நாளை வராவிட்டால் வேறு ஆள் வைத்துவிடுவோம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். கெஞ்சிப் பார்க்க வந்திருந்தாள்.

முதலாளி ஆத்மநாதன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்.

"ஒரு மாசம் பொறுங்கய்யா. திருச்சியில மில்லுப் பொம்பளை புள்ள பெத்தா, கூலியோட லீவு குடுக்குறாகளாம்."

"அது வெள்ளைக்காரன் சீமை. இது புதுக்கோட்டைச் சமஸ்தானம். அந்தச் சட்டமெல்லாம் எல்லைக்கு அங்கிட்டே நின்னுரும்."

"தீட்டுன்னு ஆச்சி வாசல்லயே நிறுத்துறாக. மில்லுக்கு மட்டும் வரலாமாங்க?"

"இரும்புக்கு ஏதுடி தீட்டு? வந்து சேரு!"

அவர் மகள் பிரகதாம்பாளும் அந்த வாரந்தான் பெற்றிருந்தாள். ஒரு மாதம் அவள் பின்கட்டு அறையைத் தாண்டினால் குலகௌரவம் போய்விடும். கௌரவமுள்ள வீட்டுச் சாத்திரம் மகளுக்குப் பாய் விரிக்கும். கூலிக்காரிக்கு முறத்தை நீட்டும்.

மறுநாள் ராக்காயி புடைத்தது சிவன் கோயில் திருவிழாப் பச்சரிசி. முதல்நாள் நைவேத்தியம் இந்த வீட்டு அரிசியில்தான் என்று தலைமுறை தலைமுறையாக மீசை முறுக்கிய குடும்பம். அரிசி ஏற்ற வண்டியோடு வந்த கோயில் மணியக்காரர் சேவுகன், அவள் பக்கத்தில் கிடந்த சிசுவைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"எப்பப் பெத்தே?"

"போன வாரங்க."

"அடிப்பாவி, சாமி அரிசில்ல இது!"

"மில்லுக்குத் தீட்டு இல்லைன்னு மொதலாளிதாங்க சொன்னாரு."

வண்டி வெறுமனே திரும்பியது. நைவேத்தியம் பங்காளி வீட்டு அரிசியில் நடந்தது. ஊர் வாய்விட்டுச் சிரித்தது.

ஆத்மநாதன் மில்லுக்கு ஓடிவந்தார். "இனிமே பெத்தவ எவளும் ஒரு மாசம் இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது!"

"சரிங்க" என்றாள், உடன் புடைக்கும் அழகம்மாள். "அந்த மாசக் கூலி?"

"வேலை செய்யாமக் கூலியா?"

"பசிச்சா வந்துதானே ஆகணும்? ரெண்டு மாசத்துல அடுத்த திருவிழாவுக்கும் சாமிக்கு அரிசி போகணுமில்லங்க? எனக்கும் இது ஏழாம் மாசம்."

முறங்கள் எல்லாம் நின்றன.

ஆத்மநாதன் ஒப்புக்கொண்டார். வாசலில் அழுத குழந்தைக்கு இரங்காத கௌரவம் பச்சரிசிக்கு இறங்கிவந்தது. கூலியை ராக்காயி கையில் கொடுத்தால் தீட்டுப் பட்டுவிடுமாம். தரையில் வைத்துவிட்டு, எடுத்துக்கொண்டு போகட்டும் என்று தள்ளி நின்றார்.

குழந்தை பால் குடித்து முடிக்கும்வரை ராக்காயி எழுந்திருக்கவில்லை.